இடிதாங்கி வெச்சாச்சு... ஜாயின்ட்டை யார் பார்த்தது?

அரியலூரை அடுத்த கல்லங்குறிச்சியில் கலியுக வரதராஜப் பெருமாள் கோயில் ரொம்பப் பிரசித்தம். உள்ளே வழக்கமான பெருமாள் சிலை இருக்காது. சுமார் 12 அடி உயரக் கல்தூண்தான் மூலவர். சுற்றுவட்டார விவசாயக் குடும்பங்கள் பலவற்றுக்கு இவர்தான் குலதெய்வம். விளைச்சலில் ஒரு பங்கை தானியமாகவே கொண்டுவந்து கொட்டுவார்கள். ஊரைத் தாண்டினால் மானாவாரிக் காடு, சுண்ணாம்புக்கல் சுரங்கப் பள்ளங்கள், தூரத்தில் சிமென்ட் ஆலைப் புகைபோக்கிகள். பெரும்பாலும் சமதரை. கோடையிலோ ஐப்பசியிலோ ஒரு கருமேகம் திரண்டு வந்தால், கோபுரம், தண்ணீர்த் தொட்டி, செல்போன் டவர், புதிதாகக் கட்டிய மாடி வீடு என்று தரையிலிருந்து எழும்பி நிற்பது எதுவோ அதுதான் அதன் கண்ணில் முதலில் படும்.

இந்தியாவில் 2022-ல் மட்டும் மின்னல் தாக்கி 2,887 பேர் இறந்ததாக தேசிய குற்ற ஆவணக் காப்பகத்தின் புள்ளிவிவரம் சொல்கிறது. அந்த ஆண்டு இயற்கைச் சீற்றங்களால் நேர்ந்த மரணங்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் மின்னல் கணக்கில்தான். புயலையும் வெள்ளத்தையும் பற்றி பேசும் அளவுக்கு இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை. ஒரே நேரத்தில் ஒரே ஊரில் நடக்காமல், இங்கே ஒருவர், அங்கே இருவர் என்று சிதறி நடப்பதால் இருக்கலாம்.

இப்போது ஊர்ப்புறத்தில் வீடு கட்டுபவர்களும் இடிதாங்கி வைக்க ஆரம்பித்துவிட்டார்கள். மொட்டை மாடியில் ஒரு கம்பி, அதிலிருந்து சுவரோரமாக இறங்கும் ஒரு பட்டை, கீழே ஒரு எர்த் குழி. பார்க்க அம்சமாகத்தான் இருக்கிறது. ஆனால், அந்தக் கம்பியிலிருந்து மண் வரை ஒரே உலோகமாக எந்த இடிதாங்கியும் வருவதில்லை. கம்பிக்கு ஒரு துண்டு, பட்டைக்கு நாலைந்து துண்டு, மண்ணுக்குள் இரண்டு மூன்று துண்டு. இத்தனை துண்டுகளையும் ஒன்றோடொன்று எப்படிச் சேர்த்தார்கள் என்பதில்தான் அந்த இடிதாங்கி வேலை செய்யுமா, வெறும் அலங்காரமா என்பது இருக்கிறது.

ஜாயின்ட்டில் அப்படி என்ன இருக்கிறது?

ஒரு சின்னக் கணக்கு போட்டால் விஷயம் விளங்கும். வீட்டில் ஹீட்டர் இழுப்பது 5 முதல் 15 ஆம்பியர். சராசரி மின்னல் ஒன்றில் பாய்வது 30,000 ஆம்பியர் அளவில். சர்வதேசத் தரநிலை ஐ.இ.சி. 62305, உச்சபட்சப் பாதுகாப்பு வேண்டிய கட்டிடத்துக்கு 2,00,000 ஆம்பியரைக் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. இந்தியாவும் இதே தரநிலையை ஐ.எஸ்./ஐ.இ.சி. 62305 என்று ஏற்றிருக்கிறது.

அவ்வளவு பெரிய மின்னல் 50 சதுர மில்லிமீட்டர் குறுக்களவு கொண்ட செம்புப் பட்டையில் இறங்கினால் பட்டை எவ்வளவு சூடாகும்? உருகிவிடும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் வெப்பம் சுமார் 20 டிகிரிதான் உயரும். மதிய வெயிலில் மொட்டை மாடியில் கிடக்கும் பட்டை அதைவிடச் சுடும். மின்னல் பாயும் நேரம் அவ்வளவு குறைவு, செம்பின் மின்தடையும் அவ்வளவு குறைவு என்பதுதான் காரணம்.

இப்போது அதே பட்டையின் நடுவில் ஒரு ஜாயின்ட் இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். போல்ட் தளர்ந்து, இடையில் களிம்பு ஏறி, அந்த ஒரு இடத்தில் மட்டும் 0.01 ஓம் மின்தடை. ஓம் கணக்கில் இது ஒன்றுமே இல்லை. சாதாரண மல்ட்டிமீட்டரில் பூஜ்யம் என்றே காட்டும். ஆனால், அந்த உச்சபட்ச மின்னலில் இந்த ஒரு புள்ளியில் மட்டும் இறங்கும் வெப்பம் 1,00,000 ஜூல். கிட்டத்தட்ட 70 கிராம் இரும்பை உருக்கப் போதும். அதுவும் கண் சிமிட்டும் நேரத்துக்குள். போல்ட் தெறிக்கும், தீப்பொறி பறக்கும். பக்கத்தில் வைக்கோல் போரோ காய்ந்த கீற்றுக் கொட்டகையோ இருந்தால் அப்புறம் சொல்ல வேண்டியதில்லை.

ஜாயின்ட் இன்னும் மோசமாகி 1 ஓம் ஆகிவிட்டால்? சாதாரண 30,000 ஆம்பியர் மின்னலுக்கே அந்த இடத்தில் 30,000 வோல்ட் நிற்கும். மின்னலுக்கு விசுவாசம் கிடையாது. நீங்கள் போட்டுக் கொடுத்த பாதை சரியில்லை என்றால் பக்கத்துச் சுவரில் போகும் கேபிள் டிவி ஒயருக்கோ, குளியலறைத் தண்ணீர்க் குழாய்க்கோ தாவிவிடும். ‘இடிதாங்கி இருந்தும் டிவி போச்சு, மோட்டார் போச்சு’ என்று கேள்விப்படும் புலம்பல்களில் ஒரு பகுதிக்குக் காரணம் இதுதான்.

அப்போ கோபுரக் கலசம்?

‘நம் முன்னோர் முட்டாள்கள் அல்ல’ என்று தொடங்கும் வாட்ஸ்அப் ஃபார்வர்டு ஒன்று ஆண்டுதோறும் சுற்றி வரும். கோபுரக் கலசம்தான் உலகின் முதல் இடிதாங்கி, உள்ளே வைக்கும் வரகு மின்னலை உறிஞ்சிவிடும் என்று போகும் அந்தச் செய்தி. முன்னோர் முட்டாள்கள் இல்லை என்பது சரி. ஆனால், கலசம் இடிதாங்கி இல்லை.

கலசம் செம்பு, உயரத்தில் இருக்கிறது, முனை கூர்மையாக இருக்கிறது. இடிதாங்கிக்கு வேண்டிய முதல் பாதி அத்தனையும் சரியாகப் பொருந்துகிறது. இல்லாதது இரண்டாவது பாதி. கலசத்திலிருந்து தரைக்கு உலோகப் பாதை எதுவும் கிடையாது. கலசத்துக்குக் கீழே செங்கல், சுண்ணாம்பு, சுதை. மின்னல் கலசத்தில் இறங்கி அடுத்த அடி எடுத்து வைக்க உலோகம் இல்லாமல் ஈரம் ஊறிய சுதைக்குள் புகுந்தால், உள்ளே இருக்கும் தண்ணீர் ஒரே நொடியில் நீராவியாகி வெடிக்கும். மின்னல் விழுந்த கோபுரங்களில் பொம்மைகளின் கையும் தலையும் பெயர்ந்து விழுவது இதனால்தான். கலசத்தை இடிதாங்கியோடு சேர்க்க வேண்டும் என்றால் அதிலிருந்து முறையான பட்டை ஒன்று தரை வரை இறங்க வேண்டும்.

இதே பாடத்தை லண்டன் 1764-ல் படித்தது. அந்த ஆண்டு ஜூன் மாதம் செயின்ட் பிரைட்ஸ் தேவாலயத்தின் கோபுரத்தில் மின்னல் விழுந்தது. இடிதாங்கி இல்லாத கோபுரம். ஆனால், கற்களைப் பிடித்துக்கொள்ள உள்ளே ஆங்காங்கே இரும்புப் பட்டைகளும் கவ்விகளும் வைத்துக் கட்டியிருந்தார்கள். ஆய்வு செய்தவர்கள் கண்டது சுவாரஸ்யமானது. இரும்பு தொடர்ச்சியாக இருந்த இடத்தில் பெரிய சேதம் இல்லை. ஓர் இரும்பு முடிந்து அடுத்த இரும்பு தொடங்கும் இடைவெளிகளில்தான் கல் சிதறியிருந்தது. உலோகம் இருப்பது முக்கியமில்லை, அறுபடாமல் இருப்பதுதான் முக்கியம் என்பதற்கு இதைவிடத் தெளிவான சோதனையை யாரும் வேண்டுமென்றே செய்துபார்க்க முடியாது.

பெஞ்சமின் ஃபிராங்க்ளின் 1750-களில் இடிதாங்கியை அறிமுகப்படுத்திய காலத்திலேயே இந்தச் சிக்கல் தெரிந்திருந்தது. நீளமான கம்பி கிடைக்காததால், இரும்புத் துண்டுகளை ஒன்றின் கொக்கியில் இன்னொன்றை மாட்டித் தொங்கவிட்டவர்கள் உண்டு. கொக்கி கொக்கியைத் தொடும் இடம் ஒரு புள்ளி அளவுதான். மின்னல் வந்தபோது அந்தப் புள்ளிகள்தான் முதலில் உருகின.

பாய்மரத்தில் செங்கல் வேலை

துண்டுகளை இணைக்கும் கலையில் பெரிய பாய்ச்சல் நடந்தது கட்டிடத்தில் அல்ல, கப்பலில். நடுக்கடலில் உயர்ந்து நிற்கும் ஒரே பொருள் பாய்மரம். மின்னல் வேறு எங்கே போகும்? 18-ம் நூற்றாண்டில் கப்பல்களில் செம்புச் சங்கிலி ஒன்றைக் கொடுத்திருந்தார்கள். மழை வரும்போது பாய்மர உச்சிக்கு ஏற்றி மறுமுனையைக் கடலில் போட வேண்டும். கேப்டன் குக்கின் ‘எண்டெவர்’ கப்பல் 1770 அக்டோபரில் பட்டாவியாவில், அதாவது இன்றைய ஜகார்த்தாவில் நின்றபோது, பக்கத்தில் நின்ற டச்சுக் கப்பலின் பாய்மரத்தை மின்னல் பிளந்தது. சங்கிலி ஏற்றியிருந்த ‘எண்டெவர்’ தப்பித்தது. ஆனால், எல்லாக் கப்பலும் சங்கிலியை ஏற்றிவைக்கவில்லை. பெரும்பாலும் அது பெட்டிக்குள்ளேயே தூங்கியது. ஏற்றினாலும் ஒவ்வொரு வளையமும் ஒரு தளர்வான ஜாயின்ட்.

வில்லியம் ஸ்னோ ஹாரிஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் இதற்கு ஒரு வழி சொன்னார். சங்கிலியே வேண்டாம், பாய்மரத்திலேயே செம்புத் தகடுகளை நிரந்தரமாகப் பதித்துவிடலாம் என்றார். மரம் வளையும், குலுங்கும். ஒரே நீளத் தகடு கிழிந்துவிடும். அதனால் சிறு சிறு தகடுகளை இரண்டு அடுக்காக வைத்தார். மேல் அடுக்கில் இரண்டு தகடுகள் சேரும் இடம், கீழ் அடுக்கில் ஒரு தகட்டின் நடுப்பகுதியில் வரும்படி அமைத்து ஆணி அடித்தார். நம்ம ஊர் கொத்தனார் செங்கல் வரிசையில் ஜாயின்ட்டுக்கு மேல் ஜாயின்ட் வராமல் மாற்றி மாற்றி வைப்பாரே, அதே நுட்பம்தான். எந்த ஒரு ஜாயின்ட் தளர்ந்தாலும் மின்னோட்டத்துக்கு அடுத்த அடுக்கில் முழுத் தகடு காத்திருக்கும். பாய்மரத்திலிருந்து கப்பலின் உடல் வழியே அடிப்பகுதிச் செம்பு உறை வரை இது தொடர்ந்தது.

1831-ல் சார்லஸ் டார்வினை ஏற்றிக்கொண்டு புறப்பட்ட ‘பீகிள்’ கப்பலில் இந்த அமைப்பு பொருத்தப்பட்டிருந்தது. ஆனாலும் பிரிட்டிஷ் கடற்படை தயங்கித் தயங்கி 1840-களில்தான் எல்லாக் கப்பலுக்கும் இதை ஏற்றுக்கொண்டது. ஹாரிஸுக்கு ‘சர்’ பட்டமும் கிடைத்தது.

மாடியிலிருந்து இறங்குவோம்

இப்போது நம்ம வீட்டு மாடிக்கு வருவோம். ஐ.இ.சி. தரநிலை சொல்லும் முதல் விதி எளிமையானது: ஜாயின்ட்டுகளின் எண்ணிக்கையை முடிந்தவரை குறை. 9 மீட்டர் இறக்கத்துக்கு 3 மீட்டர் பட்டை மூன்றை வாங்கி ஒட்டுவதைவிட, சுருளாகக் கிடைக்கும் பட்டையில் ஒரே நீளமாக வெட்டி இறக்குவது நல்லது. தவிர்க்க முடியாத இடத்தில் பற்றவைக்கலாம், போல்ட் போடலாம், கிளாம்ப் போடலாம், அழுத்திப் பிணைக்கலாம். கட்டுக்கம்பியை நாலு சுற்று சுற்றி முறுக்குவது இந்தப் பட்டியலில் இல்லை.

உச்சிக் கம்பி முதலில். உயரம் வேண்டும் என்பதற்காக ஒரு ஜி.ஐ. குழாய்க்குள் அதைவிடச் சிறிய குழாயைச் செருகி ஒரு திருகு வைத்து நிறுத்திவிடுவார்கள். காற்றில் ஆட ஆட திருகு தளரும். குழாய் நிற்கும், தொடுகை போய்விடும். மரை போட்டுச் சாக்கெட்டில் முழுமையாக முறுக்கிய இணைப்போ, இரண்டு தகட்டு முகங்களை வைத்துப் போல்ட் போட்ட இணைப்போ இதைவிடப் பல மடங்கு மேல். இங்கே ஜாயின்ட்டுக்கு இரண்டு வேலை: மின்சாரத்தையும் கடத்த வேண்டும், ஐப்பசிக் காற்றையும் தாங்க வேண்டும். குழாய் செருகலைத்தான் போட்டாக வேண்டும் என்றால், காற்றைத் தாங்கும் வேலையைக் குழாய்க்கும் ஸ்டே கம்பிக்கும் விட்டுவிட்டு, உச்சிமுனையிலிருந்து தனியாக ஒரு பட்டையை முழு நீளத்துக்கு இறக்கிவிடுவது புத்திசாலித்தனம்.

அடுத்து பட்டையோடு பட்டை. செம்போ, ஜி.ஐ.யோ, தட்டைப் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஏற்றி இணைப்பதுதான் வழக்கம். இந்தத் துறையில் நீண்ட காலமாகப் பின்பற்றும் நடைமுறை இது: மேலேற்றம் குறைந்தது 20 மி.மீ. இருக்க வேண்டும், போல்ட் என்றால் எம்8 அளவில் இரண்டு அல்லது எம்10 அளவில் ஒன்று, ரிவிட் என்றால் 5 மி.மீ. தடிமனில் நான்கு. எம்8-ல் ஒன்றே ஒன்று போட்டால் பட்டை அந்த ஒற்றைப் புள்ளியைச் சுற்றித் திரும்பும். திரும்பத் திரும்ப அழுத்தம் குறையும்.

போல்ட் போடுவதற்கு முன்னால் செய்ய வேண்டிய வேலைதான் பெரும்பாலும் விட்டுப்போகிறது. இரண்டு முகங்களையும் உப்புத்தாளால் பளபளக்கத் தேய்க்க வேண்டும். செம்பில் களிம்பு, அலுமினியத்தில் கண்ணுக்கே தெரியாத ஆக்சைடு படலம். இது மின்சாரத்துக்குத் தடுப்புச் சுவர். தேய்த்த கையோடு அரிப்பைத் தடுக்கும் பசையைத் தடவி, ஸ்பிரிங் வாஷர் போட்டு முறுக்க வேண்டும். ஒரு ஜாயின்ட்டுக்கு அஞ்சு நிமிஷம் ஆகும். ‘ரெண்டு நட்டு போட்டா போதும் சார்’ என்பவருக்கு அந்த அஞ்சு நிமிஷம்தான் மிச்சம்.

ஈயப்பற்று மட்டும் வைத்து ஒட்டலாமா? கூடாது. சாதாரண ஈயப்பற்று 183 டிகிரியிலேயே இளக ஆரம்பிக்கும். போல்ட்டோ ரிவிட்டோ போட்டுவிட்டு, இடுக்கில் தண்ணீர் புகாமல் இருக்க அதன்மேல் ஈயம் பூசலாம். பிடிமானத்துக்கு ஈயத்தை நம்பக் கூடாது. பித்தளைப் பற்று வேறு கதை. அது பல நூறு டிகிரி தாங்கும். ஜி.ஐ. பட்டையை வெல்டிங் வைத்தால் அந்த இடத்தில் துத்தநாகப் பூச்சு எரிந்துபோயிருக்கும். கசடைத் தட்டிவிட்டு துத்தநாக பெயின்ட் அடிக்காவிட்டால், இரண்டே மழைக்காலத்தில் துரு அங்கிருந்து தொடங்கும்.

வளைவுகளும் ஒருவகையில் ஜாயின்ட் மாதிரிதான். மின்னல் நேர்ப்பாதையை விரும்பும். கைப்பிடிச் சுவரைச் சுற்றி ‘ப’ வடிவில் பட்டையை மடித்து இறக்கினால், மின்னல் அந்தச் சுற்றைச் சுற்றாமல் குறுக்கே பாய்ந்துவிடும். நேரான கம்பியிலேயே, மின்னோட்டம் சட்டென எகிறும் அந்த முதல் கணத்தில் மீட்டருக்குப் பல ஆயிரம் வோல்ட் உருவாகும் என்பதால் ஒவ்வொரு அடி கூடுதல் நீளமும் ஆபத்தைக் கூட்டும். கைப்பிடிச் சுவரில் ஒரு துளை போட்டு நேராக இறக்குவது அழகாக இருக்காது, பத்திரமாக இருக்கும்.

காங்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பியையே இறங்கு பாதையாக வைத்துக்கொள்ளலாமா என்று புதிதாக வீடு கட்டுபவர்கள் கேட்பதுண்டு. தாராளமாக. ஆனால், அதைக் கம்பி கட்டும்போதே முடிவு செய்ய வேண்டும். மேலேற்றம் கம்பியின் விட்டத்தைப் போல 20 மடங்காவது வேண்டும், 12 மி.மீ. கம்பிக்கு 240 மி.மீ. இணைப்புகளில் பாதியாவது இப்படி இறுக்கிக் கட்டப்பட்டதாகவோ பற்றவைத்ததாகவோ கிளாம்ப் போட்டதாகவோ இருக்க வேண்டும். மேலிருந்து கீழ் வரை அளந்தால் 0.2 ஓமுக்கு மேல் காட்டக் கூடாது. பூசி முடித்து பெயின்ட் அடித்த பிறகு கேட்டால் யாராலும் உத்தரவாதம் தர முடியாது.

மண்ணுக்குள் மறையும் ஜாயின்ட்

மாடியில் இருக்கும் ஜாயின்ட்டைக் கண்ணால் பார்க்கலாம். மண்ணுக்குள் போனதை யார் பார்ப்பார்? அதனால்தான் அங்கே தரம் இரட்டிப்பாக வேண்டும்.

செம்பு பூசிய எர்த் ராடுகள் பொதுவாக 14 மி.மீ., 17 மி.மீ. தடிமனில் கிடைக்கின்றன. ஒன்று போதாத இடத்தில் ஒன்றின்மேல் ஒன்றாக மரை போட்ட கப்ளரில் முறுக்கி ஆழமாக இறக்குவார்கள். இங்கே ஒரு நுணுக்கம் உண்டு. கப்ளருக்குள் இரண்டு ராடுகளின் முனைகளும் நடுவில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். அப்போதுதான் சம்மட்டி அடி ராடிலிருந்து ராடுக்கு நேராகப் போகும். இடைவெளி இருந்தால் அடி முழுவதும் மரையின்மேல் விழுந்து மரை நசுங்கிவிடும். ராடின் தலையில் நேரடியாக அடிக்காமல், அதற்கென்று இருக்கும் அடிக்குமிழை மாட்டி அடிக்க வேண்டும். இல்லையென்றால் மரை மழுங்கி, அடுத்த ராடு பாதிதான் ஏறும். ‘பாதி ஏறிடுச்சு, போதும்’ என்று மூடிய குழிகள் எத்தனையோ.

ராடோடு பட்டையைச் சேர்க்க கிளாம்ப் போடலாம். இன்னும் உறுதியானது வெடிமருந்து மாதிரி எரியும் ஒரு பொடியால் செய்யும் பற்றவைப்பு. கிராஃபைட் அச்சு ஒன்றுக்குள் ராடையும் பட்டையையும் வைத்து, செம்பு ஆக்சைடும் அலுமினியப் பொடியும் கலந்த கலவையைக் கொட்டிப் பற்றவைப்பார்கள். அலுமினியம் ஆக்சிஜனைப் பறித்துக்கொள்ள, செம்பு உருகி வழிந்து இரண்டையும் ஒரே உலோகமாக்கிவிடும். ரயில் தண்டவாளங்களை இணைக்கும் தெர்மிட் முறையின் தம்பி இது. செம்புக்கான இந்த முறையை 1938-ல் உருவாக்கியவர் சார்லஸ் காட்வெல். இன்றும் சந்தையில் அவர் பெயராலேயே அழைக்கிறார்கள். மின்சாரமோ வெல்டிங் மெஷினோ தேவையில்லை. ஆனால், அச்சில் ஈரம் இருந்தால் உருகிய செம்பு தெறிக்கும். அச்சை முதலில் சூடாக்கிக் காயவைக்காமல் ஆரம்பிப்பவரிடமிருந்து நாலு அடி தள்ளி நிற்பது நல்லது.

சுண்ணாம்பு மண்ணின் சோதனை

அரியலூர் பக்கத்துக்கு இன்னொரு தனிச் சிக்கல். மேலே கரிசல் இருக்கும் இடத்தில் ஈரம் நிற்கும், மின்சாரம் சுலபமாக மண்ணில் பரவும். அதுவே சில அடி ஆழத்தில் சுண்ணாம்புக்கல் பாறை தட்டினால் ராடு இறங்காது. இறங்கினாலும் காய்ந்த பாறை மின்சாரத்தை வாங்காது. அங்கே ஆழம் போவதைவிட, பட்டையைக் கட்டிடத்தைச் சுற்றி வளையமாகக் கரிசலிலேயே புதைப்பது மேல். வளையம் என்றால் மறுபடியும் ஜாயின்ட், அதுவும் ஈர மண்ணுக்குள்.

பலரும் எர்த் குழியில் உப்பும் கரியும் கொட்டுவார்கள். மின்தடை குறையும், உண்மைதான். கூடவே அந்த உப்பு ஜி.ஐ. குழாயையும் அதில் போட்ட கிளாம்பையும் தின்ன ஆரம்பிக்கும்.

உலோகம் மாறும் இடங்களில் கவனம் இன்னும் அதிகம் வேண்டும். செம்பையும் அலுமினியத்தையும் நேரடியாகச் சேர்த்துப் போல்ட் போட்டால், மழைத் தண்ணீர் பட்டவுடன் அது ஒரு குட்டி பேட்டரி. அலுமினியம் கரையும். செம்பையும் ஜி.ஐ.யையும் சேர்த்தால் துத்தநாகம் கரையும். இரண்டுக்கும் இடையில் இரட்டை உலோக வாஷரோ, இதற்கென்றே வரும் கனெக்டரோ வேண்டும். செம்பின்மேல் விழுந்த மழைநீர் கீழே இருக்கும் அலுமினியத்தில் வழிந்தால்கூட அரிப்பு வரும் என்பதால், இரண்டையும் பயன்படுத்தும் வீட்டில் செம்பு கீழே, அலுமினியம் மேலே. அலுமினியத்துக்கு ஈரச் சுண்ணாம்பும் சிமென்ட்டும் ஆகாது, காரம் அரித்துவிடும். மண்ணுக்குள்ளும் காங்கிரீட்டுக்குள்ளும் அதைப் புதைக்கவே கூடாது. சிமென்ட் தூசி படியும் ஊர்களில் அலுமினியப் பட்டை விலை குறைவு என்று வாங்குவதற்கு முன் யோசிக்கலாம்.

மின்வாரிய எர்த் வேறு, இடிதாங்கி எர்த் வேறு, இரண்டும் தொடவே கூடாது என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. தரநிலை சொல்வது நேர்மாறு: எல்லா எர்த்தும் கீழே ஒன்றாகப் பிணைந்திருக்க வேண்டும். இல்லையென்றால் மின்னல் விழும் நொடியில் ஒரு எர்த் பல ஆயிரம் வோல்ட்டிலும் இன்னொன்று பூஜ்யத்திலும் நிற்கும். நடுவில் சிக்குவது உங்கள் லேப்டாப்பும் ரவுட்டரும். கூடவே மெயின் போர்டில் சர்ஜ் தடுப்பான் ஒன்றும் வேண்டும். இடிதாங்கி கட்டிடத்தைக் காப்பாற்றும். ஒயர் வழியாக உள்ளே வரும் மின்னழுத்த எழுச்சியை அது தனியாகத் தடுக்காது.

விற்பனையாளரிடம் என்ன கேட்பது?

‘ஒரே கம்பி, சுற்றி 107 மீட்டருக்குப் பாதுகாப்பு’ என்று ஒரு வகை இடிதாங்கி சந்தையில் நன்றாக ஓடுகிறது. பளபளக்கும் தலை, கேட்டாலே வாய் பிளக்கும் விலை. மின்னலை முன்கூட்டியே ஈர்க்கும் என்பது அதன் வாக்குறுதி. ஐ.இ.சி. 62305 இந்தக் கூடுதல் சுற்றளவை ஏற்பதில்லை. கம்பியின் உண்மையான உயரத்தையும் அளவையும் மட்டும்தான் கணக்கில் எடுக்கச் சொல்கிறது. தலைக்குக் கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை ஜாயின்ட்டுக்கும் எர்த்துக்கும் கொடுத்தால் வீட்டுக்கு அதிக லாபம்.

விற்பனையாளரிடம் கேட்க வேண்டியவை வேறு. இறங்கு பட்டையில் எத்தனை ஜாயின்ட்? ஒவ்வொன்றும் எந்த முறையில்? கிளாம்ப்புகள் மின்னல் சோதனைக்குத் தேறியவையா, அதாவது ஐ.இ.சி. 62561 சான்று இருக்கிறதா? மண்ணுக்குள் மூடும் முன் போட்டோ எடுத்துத் தருவீர்களா? கடைசிக் கேள்வி முக்கியம். செல்போன் எல்லார் கையிலும் இருக்கிறது. மூடிய குழிக்கு வேறு சாட்சி கிடையாது.

ஒன்றை மட்டும் குழப்பிக்கொள்ளக் கூடாது. வீட்டு மாடியில் இருக்கும் இடிதாங்கி வீட்டுக்குத்தான். நாலு வயல் தள்ளி முந்திரிக் காட்டில் வேலை செய்பவரையோ ஆடு மேய்ப்பவரையோ அது காப்பாற்றாது. இந்தியாவில் மின்னலுக்குப் பலியாவோரில் பெரும்பாலோர் திறந்த வெளியில் இருப்பவர்கள்தான். புனேயில் உள்ள இந்திய வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய ‘தாமினி’ செயலி, நீங்கள் நிற்கும் இடத்தைச் சுற்றி 20 முதல் 40 கி.மீ.க்குள் மின்னல் வாய்ப்பைச் சொல்லும். ஊரில் இருக்கும் அப்பா, சித்தப்பா போனில் அதை ஏற்றிக் கொடுத்து, இடி கேட்டதும் புளியமரத்தடிக்கு ஓடாமல் கான்கிரீட் கட்டிடத்துக்குள் போகச் சொல்வது, லட்ச ரூபாய் இடிதாங்கியைவிட உடனடிப் பலன் தரும்.

ஆண்டுக்கு ஒருமுறை

இடிதாங்கியில் வேண்டுமென்றே பிரிக்கும்படி வைக்கும் ஜாயின்ட் ஒன்று உண்டு. இறங்கு பட்டை மண்ணுக்குள் போகும் முன், கை எட்டும் உயரத்தில் வைக்கும் சோதனை இணைப்பு அது. அதைக் கழற்றினால் மேல் பாதி தனி, கீழ் பாதி தனி. கீழே எர்த் மெக்கர் வைத்து மண்ணின் மின்தடையை அளக்கலாம். மொத்த அமைப்புக்கும் சேர்த்து 10 ஓமுக்குள் இருப்பது நல்லது. மேலே உச்சிக் கம்பி வரை தொடர்ச்சி இருக்கிறதா என்று, குறைந்த மின்தடையை அளக்கும் மீட்டரில் பார்க்கலாம். சோதனை முடிந்ததும் மறக்காமல் மறுபடி மாட்டி முறுக்க வேண்டும். கழற்றியவர் டீ குடிக்கப் போய் அப்படியே மறந்துபோவதும் நடக்கும். வானம் தெளிவாக இருக்கும் நாளில் மட்டுமே இந்த வேலை.

வடகிழக்குப் பருவமழைக்கு முன், புரட்டாசி வாக்கில் ஒருமுறை செய்துவிட்டால் போதும். மின்னல் விழுந்ததாகச் சந்தேகம் வந்தால் அப்போதும் பார்க்க வேண்டும். ஜாயின்ட்டைச் சுற்றி நீலமாகவோ கறுப்பாகவோ நிறம் மாறியிருந்தால், வாஷர் உருகிப் பிடித்திருந்தால், பட்டை கிளாம்ப்பிலிருந்து விலகியிருந்தால் அந்த ஜாயின்ட்டை வெட்டி எடுத்துப் புதிதாகப் போட வேண்டும். முறுக்கிச் சமாளிக்கக் கூடாது. அளந்த எண்ணைத் தேதியோடு மெயின் போர்டு கதவின் உட்புறம் எழுதி ஒட்டிவையுங்கள். போன வருஷம் 4 ஓம், இந்த வருஷம் 9 ஓம் என்றால், குழியில் உப்புத் தண்ணீர் ஊற்றுவதற்கு முன் மண்ணை ஒரு முழம் தோண்டி, ராடும் பட்டையும் சேரும் இடத்தைப் பாருங்கள்.